குத்தகைப் பத்திரம் யார் பெயரில்?

எங்கள் மாதிரி விமானச் சங்கத்தின் போன வருடப் பொதுக்கூட்டத்தில் ரீசேர்ட்டின் நிறத்தைப் பற்றித்தான் ஆக அதிக நேரம் பேசினோம். கடல் நீலமா, கறுப்பா? கறுப்பென்றால் வெயிலில் வேகும் என்றார் ஒருவர். நீலமென்றால் வேறொரு கிளப்பின் ஆட்கள் என்று நினைப்பார்கள் என்றார் இன்னொருவர். கணக்கறிக்கை அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. நாங்கள் விமானம் விடும் காணியின் குத்தகை எப்போது முடிகிறது என்ற கேள்வி, ‘வேறு விடயங்கள்’ என்ற கடைசித் தலைப்பின் கீழ் வந்தது. அதற்குள் பற்றீஸும் தேத்தண்ணியும் மேசைக்கு வந்துவிட்டன. "அதைப் பார்ப்போம்" என்று பதில் கிடைத்தது. பார்த்தவர் யாருமில்லை.

மாதிரி விமானம் விடுகிற பெரியவர்களைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரு சிரிப்பு உண்டு. அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எங்களை நாங்களே அப்படிச் சிரிப்பாக எடுத்துக்கொள்வதுதான் பிரச்சினை. ‘தேசிய’ என்று பெயரில் போட்டுக்கொண்டிருக்கிறோம். வருடம் ஒரு போட்டி, ஒரு இராச்சாப்பாடு, கோப்பைகள், குழுப் படம். இதற்கு ஒரு சங்கம் தேவையே இல்லை, ஒரு வட்ஸ்அப் குழு போதும். சங்கம் ஒன்று இருந்தால்தான் நடக்கும் என்று சொல்லக்கூடிய வேலைகள் இரண்டே: பறக்க ஓர் இடத்தை வைத்திருப்பது, பறக்கும் அனுமதியை வைத்திருப்பது. என் கணிப்பில் எங்கள் நிர்வாகக் குழுவின் நேரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் போக வேண்டும். இப்போது மிச்சம் மீதிதான் போகிறது.

முன்பு நிலைமை வேறு. அந்தக் காலத்து ரேடியோக்களுக்கு ஆளுக்கொரு சனல். பிரித்தானியாவில் 35 மெகாஹேர்ட்ஸ், அமெரிக்காவில் 72 என்று அலைவரிசைகள். அதற்குள் இலக்கமிட்ட சனல்கள். ஒரே சனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரைப் போட்டால் மேலே இருக்கும் விமானம் கீழே வந்துவிடும், அவ்வளவுதான். அதனால் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் சனல் இலக்கம் எழுதிய, உடுப்புக் காயப்போடும் கிளிப்கள். உங்கள் கிளிப்பை எடுத்து அன்டெனாவில் மாட்டிய பிறகுதான் டிரான்ஸ்மிட்டரின் ஸ்விட்சைத் தொடலாம். கிளிப் இன்னொருவரிடம் இருந்தால் அவர் தன் விமானத்தைத் தரையிறக்கும்வரை மர நிழலில் காத்திருக்க வேண்டும். அந்த நிழலில்தான் இறக்கை எப்படிச் சரிபார்ப்பது, எந்த எஞ்சினுக்கு எந்த எண்ணெய், யாருடைய மகளுக்குக் கலியாணம் என்று எல்லாம் கதைக்கப்பட்டது. தனியாகப் பறப்பது ஆபத்து என்பதால் ஆட்கள் சங்கத்துக்கு வந்தார்கள்.

2000களின் நடுப்பகுதியில் 2.4 கிகாஹேர்ட்ஸ் ரேடியோ கடைக்கு வந்தது. விமானத்திலிருக்கும் ரிசீவரும் கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரும் தங்களுக்குள் பிணைத்துக்கொள்ளும். பக்கத்தில் பத்துப் பேர் போட்டாலும் ஒன்றையொன்று குழப்பாது. அதோடு ஃபோம் விமானங்கள் பெட்டியிலேயே முக்கால்வாசி முடிந்த நிலையில் வந்தன. பால்சா மரப்பலகை வெட்டி, பசை காய்ந்து, துணி ஒட்டி மாதக்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. பிறகு ஜிபிஎஸ் வைத்த ட்ரோன் வந்தது. கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு நிற்கும். மூன்றும் நல்ல விடயங்கள்தான். ஆனால் மூன்றும் சேர்ந்து, சங்கத்துக்கு வர ஆட்களுக்கிருந்த காரணத்தை எடுத்துவிட்டன. இப்போது புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் சாமான் வாங்கி, ரெஜிஃபோம் பலகையில் இறக்கை வெட்டி, யூடியூப் பார்த்துப் பறக்கவிடும் பெடியனுக்கு எங்கள் சங்கம் எதற்கு? இந்தக் கேள்விக்கு எங்கள் குழுவிடம் பதிலில்லை. "இளைஞர்கள் வருவதில்லை" என்ற வசனம் மட்டும் ஒவ்வொரு அறிக்கையிலும் இருக்கிறது.

அந்தப் பெடியன் எங்கே பறக்கவிடுவான் என்று யோசித்தாலே பதில் வந்துவிடும். கொழும்புக்குள் இடமில்லை. தெற்கே இரத்மலானை விமான நிலையம். தெஹிவளை, அத்திடிய பக்கம் தலைக்கு மேலே உண்மையான விமானங்கள் இறங்குகின்றன. கிழக்கே பாராளுமன்றம். காலிமுகத்திடலில் பட்டம் விடலாம், ஆனால் ஃபோம் விமானம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் சீருடைக்காரர் நடந்து வருவார். ரீட் அவெனியூவிலிருக்கும் குதிரைப் பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரின்போது ஓடுபாதையாக இருந்த இடம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது பிரித்தானிய ஹரிக்கேன் போர் விமானங்கள் அங்கிருந்து எழும்பின. இப்போது அங்கே கடைத்தொகுதியும் விளையாட்டு மைதானமும். ஆக, ஹோமாகமவைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கேயும் சமதரையாகக் கிடப்பது பெரும்பாலும் வயல். அறுவடை முடிந்த வயலில் சில கிழமை விடலாம். கைவிட்ட வயலை நிரப்பி ஓடுபாதை போடலாம் என்று யாராவது ஆசைப்பட்டால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கிறது: எழுத்து மூலமான அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. இதையெல்லாம் தனியாளாக ஒரு பெடியன் சமாளிக்க மாட்டான். சங்கத்தின் வேலை இங்கேதான் இருக்கிறது.

அனுமதி விடயம் இதைவிடச் சிக்கல். அதில் தமிழர்களுக்கு இன்னொரு அத்தியாயமும் உண்டு.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த அங்கிள் ஒருவர் எழுபதுகளிலிருந்தே விமானம் செய்தவர். கட்டுப்பாட்டுக் கம்பியில் சுற்றும் விமானங்கள், பிறகு ரேடியோ. போர்க்காலத்தில் அவர் தன் டிரான்ஸ்மிட்டரைப் பழைய புடவையில் சுற்றி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தார். நீட்டினால் ஒரு மீற்றருக்கு மேல் வரும் அன்டெனாவோடு ஒரு பெட்டி; அதைச் சோதனைச்சாவடியில், தமிழ்ப் பெயரிருக்கும் அடையாள அட்டையோடு விளங்கப்படுத்துவது யாரால் முடியும்? "பொழுதுபோக்கு எண்டு சொல்லலாம் தம்பி, எந்தப் பாஷையில சொல்லுறது?" என்பார் சிரித்துக்கொண்டே. 2007இல் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்காவுக்கும் கொழும்புக்கும் வந்து குண்டு போட்ட பிறகு அவர் அலுமாரியைத் திறக்கவே இல்லை. செய்து வைத்திருந்த இறக்கைகளைக் கறையான் தின்றது. போர் முடிந்த பிறகும் கொழும்புத் தமிழர் இந்தப் பொழுதுபோக்குக்குத் தயங்கித் தயங்கித்தான் வந்தார்கள். எங்கள் அங்கத்தவர் பட்டியலைப் பார்த்தால் இன்னும் அது தெரியும்.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து சில நாட்களில் சிவில் விமான சேவைகள் அதிகார சபை ட்ரோன் முதலிய ஆளில்லா விமானங்கள் பறப்பதை நிறுத்தியது. அந்த நேரத்தில் அப்படிச் செய்ததில் குறை சொல்ல முடியாது. நான் கேட்பது வேறு. அந்த அறிவித்தல் வந்த நாளில் அதிகார சபையில் எங்கள் சங்கத்தின் செயலாளருடைய தொலைபேசி எண் யாரிடமாவது இருந்ததா? எங்கள் காணியின் வரைபடம், நாங்கள் எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம், யார் யார் அங்கத்தவர் என்ற கோப்பு ஏதாவது ஒரு மேசையில் இருந்ததா? தடை வந்த பிறகு கடிதம் எழுதினோம். வராத காலத்தில் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. ரேடியோ சாமான்களுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு, ட்ரோன் இறக்குமதி செய்வதற்குப் பாதுகாப்பு அமைச்சு, பறப்பதற்கு அதிகார சபை. மூன்று வாசல்களிலும் ஒவ்வொரு அங்கத்தவரும் தனித்தனியே நிற்கிறார். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆளைச் சங்கம் நியமித்து, அவர் வருடத்தில் சில தடவை சும்மாவேனும் போய் முகம் காட்டிவிட்டு வந்தால் பாதி வேலை முடியும்.

அமெரிக்காவின் மாதிரி விமானச் சங்கமான அகாடமி ஒஃப் மொடல் ஏரோநோட்டிக்ஸ், சுருக்கமாக ஏ.எம்.ஏ, 1936இல் தொடங்கியது. இண்டியானாவின் மன்சி நகரில் சுமார் ஆயிரம் ஏக்கர் சொந்தக் காணி, அருங்காட்சியகம், சஞ்சிகை எல்லாம் உண்டு. அவர்களோடு எங்களை ஒப்பிட நான் வரவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய அமைப்பே அனுமதி விடயத்தில் எப்படி ஆட்டம் கண்டது என்பது எங்களுக்குப் பாடம். 2012இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டப் பிரிவு போட்டது: சமூக அமைப்பொன்றின் பாதுகாப்பு விதிகளின்படி பறக்கும் மாதிரி விமானங்களுக்கு விமானத்துறை நிர்வாகம் புதிய விதி போடக்கூடாது. ஏ.எம்.ஏ ஆட்கள் நிம்மதியானார்கள். அப்போதுதான் கடைகளில் ட்ரோன் மலிந்தது. 2015 டிசம்பரில் 250 கிராமுக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்றது விமானத்துறை நிர்வாகம். பொழுதுபோக்காளர் ஒருவர் வழக்குப் போட்டு 2017 மே மாதம் வென்றார்; அந்த வருடம் முடிவதற்குள் காங்கிரஸ் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018இல் பழைய பாதுகாப்புப் பிரிவையே நீக்கியது. இப்போது விமானம் தன் அடையாளத்தைத் தானே ஒலிபரப்ப வேண்டும். அந்தக் கருவி இல்லாமல் பறக்க வேண்டுமென்றால் அதற்கென அங்கீகரித்த இடத்தில்தான் பறக்கலாம். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கும் உரிமை தனியாளுக்குக் கிடையாது. அங்கீகரித்த அமைப்புக்கும் கல்வி நிறுவனத்துக்கும்தான்.

கடைசி வரிதான் எங்களுக்கு முக்கியம். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு அமெரிக்காவில் சங்கத்தின் பெறுமதி என்னவாக மிஞ்சியது? உங்கள் பெயரில் வாங்க முடியாத ஓர் அனுமதியை அது தன் பெயரில் வாங்கித் தருகிறது. பிரித்தானியாவிலும் இதே கதைதான். அங்குள்ள சங்கங்கள் சிவில் விமான அதிகார சபையோடு பேசி வாங்கிய தனி அனுமதியின் கீழ்தான் அவற்றின் அங்கத்தவர்கள் 400 அடிக்கு மேலே மொடல் விமானம் விடுகிறார்கள்.

சரி, அப்படியொரு அனுமதியை நாளைக்கே எங்களுக்குத் தருகிறோம் என்று அதிகார சபை சொன்னால், அதை வாங்கிக்கொள்ள ஆள் யார்? சிரிக்க வேண்டாம். சட்டத்தின் கண்ணில் எங்கள் சங்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு யாப்பு இருக்கிறது, கடிதத்தாள் இருக்கிறது, றப்பர் முத்திரை இருக்கிறது. காணிக் குத்தகை முன்னாள் தலைவரின் சொந்தப் பெயரில் இருக்கிறது. வீட்டு உறுதி அண்ணன் பெயரில் இருக்க, தம்பிமார் நம்பிக்கையில் குடியிருப்பதைப் போல நாங்கள் அங்கே குடியிருக்கிறோம். அவர் தங்கமான மனுஷன், அது வேறு கதை. அவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது என்பதை யாரும் உரத்துச் சொல்வதில்லை. வங்கிக் கணக்கு, பொருளாளரும் செயலாளரும் சேர்ந்து திறந்த கூட்டுக் கணக்கு. 2022இல் நாடே வெளிக்கிட்டபோது பொருளாளர் குடும்பத்தோடு கனடா போனார். அதன் பிறகு ஒவ்வொரு கையொப்பத்துக்கும் கடதாசி டொரொன்டோ போய் வந்தது. புல் வெட்டுகிறவருக்குக் கொடுக்க வேண்டிய காசை மாதக்கணக்கில் ஆளாளுக்குக் கையிலிருந்து போட்டோம்.

இதற்கு மருந்து புதிதல்ல. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். பங்குகளும் இல்லை, இலாபப் பங்கீடும் இல்லை. பாடசாலைப் பழைய மாணவர் அமைப்புகள் முதல் தொண்டு நிறுவனங்கள் வரை இப்படித்தான் இயங்குகின்றன. குத்தகை கம்பனியின் பெயரில் எழுதப்படும். தலைவர் மாறினாலும், கனடா போனாலும், கண்ணை மூடினாலும் காணி இருக்கும். பதிலுக்கு வருடாந்தப் படிவமும் கணக்காய்வும் கட்டாயமாகும். எங்கள் ஆட்கள் சிலர் இதைக் கேட்டதும் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான். "நாங்க சும்மா பிளேன் விடுற ஆக்கள், எங்களுக்கு எதுக்கு மச்சான் ஓடிட்டர்?" என்கிறார்கள். அடுத்தவர் காசைக் கையில் வைத்திருக்கிறோம் அல்லவா, அதற்குத்தான்.

காப்புறுதியில் ஓர் எச்சரிக்கை. ஏ.எம்.ஏ தன் அங்கத்தவருக்கு 25 இலட்சம் டொலர் வரை மூன்றாம் ஆள் பொறுப்புக் காப்பீடு தருகிறது, அதைப் பார்த்து அப்படியே எழுதுவோம் என்று ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அங்கே அது இரண்டாம் நிலைக் காப்பீடு. அங்கத்தவரின் வீட்டுக் காப்புறுதி முதலில் கொடுக்கும், போதாததற்குத்தான் சங்கத்தின் காப்பீடு வரும். கொழும்பில் எத்தனை பேரின் வீட்டுக்கு அப்படியொரு காப்புறுதி இருக்கிறது? அந்த வாசகத்தைப் பார்த்து எழுதினால், முதல் ரூபாவைக் கொடுக்க ஆளிருக்காது. எங்களுக்கு வேண்டியது தொகை சிறிதானாலும் முதல் ரூபாவிலிருந்தே தொடங்கும் குழுக் காப்பீடு. தரகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். எவ்வளவு இலட்சம் என்பது பிறகு.

காப்புறுதிக்காரரும் அதிகார சபையும் அடுத்துக் கேட்பது: உங்கள் ஆட்களுக்குப் பறக்கத் தெரியுமா? பிரித்தானியாவின் பி.எம்.எஃப்.ஏ என்ற மாதிரி விமானச் சங்கத்தில் ஏ, பி என்று தராதரச் சான்றிதழ்கள் இருக்கின்றன. ஏ என்றால் தனியாகப் பாதுகாப்பாகப் பறப்பார். பி என்றால் சனத்துக்கு முன்னால் காட்சிக்கு விடத் தகுதியானவர். எங்களுக்கு முதலாவது போதும். சோதனை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. விமானத்தை ஒருவர் வாலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ரேடியோவை ரேஞ்ச் செக் நிலையில், அதாவது சிக்னலின் வலுவைக் குறைத்துப் போட்டு நடந்து தள்ளிப்போய், இறக்கையையும் வாலையும் இயக்கும் சேர்வோக்கள் துடிக்காமல் அசைகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு மோட்டாரைக் கொஞ்சம் ஓடவிட்டு டிரான்ஸ்மிட்டரை அணைக்க வேண்டும். மோட்டார் உடனே நின்றால் ஃபெயில்-சேஃப் சரியாகப் போட்டிருக்கிறார். நிற்காமல் ஓடினால், சிக்னல் போன நேரத்தில் அந்த விமானம் முழு வேகத்தில் எந்த வீட்டுக் கூரையைத் தேடிப் போகும் என்று தெரியாது. கடைசியாக வலப்பக்கம் குச்சியைத் தள்ளினால் வலது ஏலரோன், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை, மேலே வருகிறதா? ரேடியோவில் வேறு மொடலின் நினைவகம் தெரிவாகியிருந்தால் இது தலைகீழாக இருக்கலாம். எழும்பிய மறுகணம் திருத்தத் திருத்தக் கவிழும். பல வருடம் பறந்தவர்களும் இதில் விழுந்ததைக் கண்டிருக்கிறேன். பட்டரியைக் குத்தி விமானத்தைத் தூக்குவதற்குள் இவ்வளவையும் செய்து முடிக்கலாம். இதைச் சோதித்து, படமும் பெயரும் இலக்கமும் பின்னால் தொலைபேசி எண்ணும் போட்ட அட்டை ஒன்றைக் கொடுத்தால், பொலிஸ்காரர் வந்து "என்ன இது?" என்று கேட்கும்போது பெடியன் நீட்ட ஏதாவது இருக்கும். வெள்ளவத்தை அங்கிளுக்கு அன்றைக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் எடுபட்டிருக்குமா தெரியாது. இன்றைக்கு எடுபடும்.

அந்த அட்டையிலும் விதிப்பத்திரத்திலும் மூன்று மொழியும் இருக்க வேண்டும். இப்போது விதிகள் ஆங்கிலத்தில் மட்டும், அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. மொழிபெயர்க்க நேரமில்லை என்கிறார்கள். நேரம் என்னிடம் இருக்கிறது, தாருங்கள் என்று கேட்டு வாங்கிவிட்டேன். விதிப்பத்திரத்தில் இரண்டு பக்கம் முடிந்துவிட்டது.

கொழும்பை விட்டு வெளியே போவது இன்னொரு பெரிய வேலை. ஏ.எம்.ஏ அமெரிக்காவை 11 வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் உப தலைவரைத் தானே தெரிவு செய்கிறது. எங்கள் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் த்ரீவீலில் போய்விடலாம். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு நடக்கும் பட்டப் போட்டியைப் பாருங்கள். மூங்கிலையும் கடதாசியையும் வைத்து, அசைகிற, சுற்றுகிற, ஒலியெழுப்புகிற உருவங்களை அந்தக் கடற்கரையில் ஏற்றுகிறார்கள். எடை எங்கே விழுகிறது, காற்று எங்கே பிடிக்கிறது என்பது அவர்களுக்கு விரல் நுனியில் இருக்கிறது. எங்களில் பாதிப் பேருக்கு விமானத்தின் ஈர்ப்பு மையத்தைக் கணக்குப் பார்க்க ஃபோனில் ஓர் அப் வேண்டும். அவர்களில் ஒருவரையாவது எங்கள் சங்கம் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறதா? மாகாணத்துக்கு ஒரு பிரதிநிதி, கூட்டத்தில் ஸூமில் வந்து வாக்களிக்கும் உரிமை. யாப்பில் ஒரு பந்தி திருத்தினால் போதும்.

ட்ரோன்காரர்களைச் சேர்ப்பதா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. பழைய ஆட்களுக்கு அவர்கள் ‘கலியாண வீட்டுக் கமராக்காரர்’. சட்டத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆளில்லாமல் பறந்தால் எல்லாம் ஒன்றே. 2019 தடையும் பால்சா, பிளாஸ்டிக் என்று பார்த்து வரவில்லை. அப்புறம், அரச அலுவலகங்களில் படிவம் நிரப்பி அனுமதி எடுக்கத் தெரிந்தவர்களும் அவர்கள்தான். தொழிலுக்காக அலைந்து பழகியிருக்கிறார்கள். நான் அவர்களைச் சேர்ப்பதற்கு ஆதரவு. காணியில் அவர்களுக்கு நேரம் தனியாக ஒதுக்க வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். நூறு கிலோமீற்றர் வேகத்தில் சுற்றும் விமானத்துக்கு நடுவே ஒருவர் ட்ரோனை நிறுத்தி வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தால் எனக்கும் கோபம் வரும்.

இவ்வளவுக்கும் காசு வேண்டும். எங்கள் வருடச் சந்தா, விமானத்துக்குப் போடும் ஒரு நடுத்தர லைப்போ பட்டரியின் விலைக்குக் கீழே இருக்கிறது. டொலர் முந்நூறைத் தாண்டிய பிறகும் அதை யாரும் தொடவில்லை. பட்டரி ஊதிப்போனால் முணுமுணுத்துக்கொண்டே புதிதாக வாங்குகிறவர்கள், சந்தாவைக் கூட்டுவோம் என்றால் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு இரட்டிப்பு, கம்பனிப் பதிவுச் செலவு அதிலிருந்து என்று ஒரு தீர்மானத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். இரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை.